மடி நிறைந்தால் வாங்கலாம்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், சண்முகவேல் அண்ணாச்சியின் பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ரோச் கேம் சென்டரில், ஒரு வீடியோ கேமைக் காசு கொடுத்து வாங்கலாமா வேண்டாமா என்பதை, அந்தச் சென்டரை நடத்துகிற டெல்பின் தன் வாயால் சொன்னதே கிடையாது, விளையாடியவர்களின் மடிதான் அதைச் சொன்னது, சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவள் கீழே இறங்கி வந்து படிக்கட்டுப் பக்கத்தில் தொங்கிய பச்சைப் போர்டில் சாக்பீஸால் 'நிறைஞ்சது' என்றோ 'நிறையல' என்றோ எழுதிவிட்டு மேலே போய்விடுவாள், அந்த ஒரு சொல்லைப் படிக்கத் திருச்செந்தூரிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள், வர முடியாதவர்கள் போன் போட்டு, "அக்கா, நிறைஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

இது ஆரம்பித்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ராக்லண்ட் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து, எங்கோ குளிர் தேசத்தில் அக்கா தங்கச்சி ரெண்டு பேர் தங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து செய்த ஒரு சின்ன விளையாட்டை விளையாடினான். பனி கொட்டுகிற மலையில் ஒரு தபால்காரர் வீடு வீடாகக் கடிதம் கொண்டு போவார், அவ்வளவுதான் கதை, சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. அரைமணி நேரம் விளையாடிவிட்டு, கீழே பரோட்டா சாப்பிடப் போகலாம் என்று பணத்துக்காகப் பாக்கெட்டில் கையை விட்டவன் ஒரு கை நிறையப் பனியை எடுத்தான்.

"டெல்பினு, சில்லுனு இருக்கு," என்றான்.

"தரையில போடாத, இப்பதான் தொடச்சேன்," என்றாள் டெல்பின்.

அந்த அதிசயம் ஊருக்குள் வந்த விதம் இதுதான். தலைமுறை தலைமுறையாகப் பனிமய மாதாவைக் கும்பிடுகிற ஊர், ஆனால் ஊரில் ஒருத்தரும் பனியைக் கண்ணால் பார்த்தது கிடையாது, இங்கே வானத்திலிருந்து விழுவது வெயில் மட்டும்தான், தரையில் வெள்ளையாகக் கிடப்பது உப்பு மட்டும்தான். ஆகையால் விஷயம் கேள்விப்பட்ட கொர்னேலியா டீச்சர், முப்பது வருஷம் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவர், தன் வீட்டு எவர்சில்வர் தம்ளரோடு மாடியேறி வந்து, ராக்லண்டை மறுபடியும் விளையாட வைத்து, வந்த பனியைத் தம்ளரில் அள்ளிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் அது தண்ணீராகிவிட்டது. ஃபாதர் தம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியும் அவ குடுத்ததுதான் டீச்சர்," என்று வாங்கித் தீர்த்தத் தொட்டியில் ஊற்றிவிட்டார். ஏன் வந்தது, எப்படி வந்தது என்று அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருத்தர் மட்டும் வந்து எர்த் வயரைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனார்.

அதன்பிறகு எத்தனையோ வந்தது. பேண்ட் போட்டவர்களுக்குப் பாக்கெட்டிலும், லுங்கி கட்டியவர்களுக்கு மடிப்பிலும், சேலை கட்டிய பெண்களுக்கு மடியிலும் வந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக மடி என்றே பேர் வைத்துவிட்டார்கள். காட்டில் தொலைந்துபோன நாய்க்குட்டியைத் தேடுகிற விளையாட்டு ஈரமான சிவப்பு இலைகளைக் கொடுத்தது, மாடிப்படி கூட்டுகிற பேச்சியம்மாள், "இந்த மரம் எந்த ஊர்லட்டி நிக்கி, எனக்கு வேலய வைக்கி," என்று திட்டித் தீர்த்தாள். தோட்டம் போடுகிற ஒரு விளையாட்டு கொத்தமல்லிக் கட்டாகக் கொடுக்கப் போக, தெருப் பெண்கள் காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள், "ரசத்துக்காக வெளயாடுறவங்க தயவுசெஞ்சு மார்க்கெட்டுக்குப் போங்க," என்று டெல்பின் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பையனைப் பற்றிய விளையாட்டு எல்லோருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கூழாங்கல்லைக் கொடுத்தது, பார்ப்பதற்குச் சின்னது, தூக்கினால் அம்மிக்குழவிக் கனம். அதற்கு அவள், 'நிறைஞ்சது. ஆனா ஞாயித்துக்கிழம வெளயாடாதீங்க, திங்கக்கிழம வேல ஓடாது' என்று எழுதினாள்.

பெரிய பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டி எடுத்து, நாலாயிரம் ஐயாயிரம் விலை வைத்து விற்கிற விளையாட்டுகளில் முக்கால்வாசி ஒன்றையும் கொடுக்கவில்லை, விளையாடி எழுந்தால் மடி பளிச்சென்று இருந்தது. அதற்காகச் சின்ன ஆட்கள் செய்தது எல்லாம் உசத்தி என்றும் இல்லை. "ஒத்த ஆளா கஷ்டப்பட்டுச் செஞ்சானாம், அதுக்கு நா என்ன செய்ய? கஷ்டத்தயா வெளயாட முடியும்?" என்பாள் டெல்பின். அவள் அதில் கறார். ஒருத்தர் மடியை மட்டும் நம்ப மாட்டாள், மூன்று மடி பார்ப்பாள்: விளையாடித் தேர்ந்தவர்களுக்கு ராக்லண்ட், ஒன்றும் தெரியாதவர்களுக்குக் கொர்னேலியா டீச்சர், விளையாட்டே பிடிக்காதவர்களுக்குச் சண்முகவேல் அண்ணாச்சி. ஆளுக்கு அரைமணி நேரம். மூன்றில் ரெண்டு மடி நிறைந்தால் வாங்கலாம். வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பது கிடையாது.

அப்படிப் பார்க்காததால்தான் அவள் தம்பியை இழந்தாள்.

தம்பி பேர் இக்னேஷியஸ், வீட்டில் இக்னி. அவளைவிட ஏழு வயது சின்னவன். அப்பா ரோச், கப்பலில் வேலை பார்த்தவர். டெல்பினுக்குப் பதினொரு வயதாகும்போது சிங்கப்பூரிலிருந்து டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு சாம்பல் நிறப் பெட்டியும், ரெண்டு ரிமோட்டும், ஏழெட்டுக் கேசட்டும் கொண்டு வந்தார். கண்ட்ரோலர் என்கிற சொல்லெல்லாம் பின்னால் வந்தது, அன்றைக்கு அதற்கு ரிமோட் என்றுதான் பேர். கேசட்டை எடுத்து வாயில் வைத்து 'ஃபூ' என்று ஊதிச் சொருகினால்தான் ஓடும், அந்த ஊதலில் ஒரு பிளாஸ்டிக் வாசம் வரும், இப்போதும் மழைக்காலத்தில் கடையைத் திறக்கும்போது எப்போதாவது அந்த வாசம் வந்தால் டெல்பின் சாவியோடு வாசலிலேயே நின்றுவிடுவாள். நாலு வயது இக்னி தனக்கும் ஒரு ரிமோட் வேண்டுமென்று தரையில் விழுந்து புரண்டு அழுவான். கொடுத்தால் கண்டபடி அமுக்கி ஆட்டத்தைக் கெடுத்துவிடுவான். டெல்பின் என்ன செய்தாளென்றால், ரெண்டாவது ரிமோட்டின் வயர் நுனியில் இருந்த பின்னைப் பெட்டியிலிருந்து உருவி, டிவி ஸ்டாண்டு மேல் விரித்திருந்த பூத்துணிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டாள். எந்தப் பின்னை உருவ வேண்டும் என்று அவசரத்தில் குழம்பாமல் இருக்க அதன் தலையில் தன் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டும் வைத்துக்கொண்டாள்.

இக்னி அவளுக்கு இடது பக்கம், தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, செத்த ரிமோட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுவான். திரையில் அவள் ஆள் குதித்தால், "நான்தான் குதிச்சேன்!" என்பான். "ஆமல, நீதான்," என்பாள். அவள் ஆள் செத்தால், "அது நீக்கா," என்பான். ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லை, அஞ்சு வருஷம் இப்படியே போயிற்று. பிறகு அவள் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போனாள், அவன் கிரிக்கெட்டுக்குப் போனான், பெட்டி பரணுக்குப் போனது. அவள் பித்தலாட்டம் அவனுக்குக் கடைசிவரை தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கப்பலை விட்டுவிட்டு இந்தக் கேம் சென்டரைத் திறந்து, பெட்டியையும் கடைப் பரணுக்குக் கொண்டுவந்து போட்டு, அவர் காலம் முடிந்து டெல்பின் கைக்குக் கடை வந்து, மடி நிறைய ஆரம்பித்து மூன்று வருஷம் கழித்து, இருபத்துநாலு வயது இக்னி பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஒரு விளையாட்டைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தான். விண்வெளிச் சண்டை. எட்டு மாசம் ராத்தூக்கம் இல்லாமல் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே மாடியில் நின்றது. ராக்லண்ட் விளையாடினான், டீச்சர் விளையாடினார், அண்ணாச்சி விளையாடினார். மூன்று மடியும் காலி. மனசு கேட்காமல் இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தராக எழுந்து மடியை உதறிக் காட்டியதை இக்னி சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். டெல்பின் யாருக்கும் எழுதுகிற மாதிரி கீழே போய், 'நிறையல. வாங்க வேண்டாம்' என்று எழுதினாள். அவன் இறங்கி வந்து படித்தான். "சரிக்கா," என்றான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பதினோரு வருஷம். அம்மா அடக்கத்துக்கு வந்தான், மண் போட்டான், பத்து நிமிஷம் கடையில் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தான், போய்விட்டான். பிறந்தநாளைக்கு ஒரு மெசேஜ், கிறிஸ்துமஸுக்கு ஒரு மெசேஜ். டெல்பினுக்கு அந்தப் போர்டில் எழுதியது பொய் என்று ஒருநாளும் தோன்றியதில்லை, ஆனால் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டுமா, அவனை உட்காரவைத்து ஒரு வாய்ச் சோறு போட்டு மறுநாள் எழுதியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று, சாக்பீஸைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் தோன்றும். பாவி, ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

இந்த வருஷம் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது இக்னியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'அக்கா, புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன். பேரு இழுவை. அடுத்த வாரம் வெளியாகுது. உனக்கு இப்பவே அனுப்புதேன். மூணு மடி பாத்துப் போர்டுல எழுது. எனக்காக எதையும் மாத்தாத.'

நிறைந்தால் தம்பி வருவான். நிறையாவிட்டால் அவள் மறுபடியும் அதையே எழுத வேண்டும், அவன் மறுபடியும் 'சரிக்கா' என்பான், அதற்கப்புறம் பிறந்தநாள் மெசேஜும் வராது. பொய்யாக எழுதலாமே என்றால், போர்டு பொய்யாகிவிடும், அதைவிட, பொய் என்று அவனுக்கே தெரிந்துபோகும். எழுதச் சொன்னவன் மாற்றாதே என்றும் சொல்லித்தானே அனுப்பியிருக்கிறான்.

சனிக்கிழமை மத்தியானம் ராக்லண்ட் முதலில் உட்கார்ந்தான். திரையில் தூத்துக்குடித் தோணி ஒன்று, அந்தக் காலத்து மரத் தோணி, பாயை விரித்துக்கொண்டு நின்றது. வெங்காயம், ஓடு, உப்பு, கருவாடு என்று சரக்கை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வர வேண்டும், காற்றைப் பார்த்துப் பாயைத் திருப்ப வேண்டும். தோணிக்குப் பின்னால் ஒரு சின்னப் படகு ஆடி ஆடி வந்துகொண்டே இருந்தது. கடலின் நிறம் நம் கடலின் நிறமாகவே இருந்தது, காலையில் ஈயம், மத்தியானம் பச்சை. "டெல்பினு, அருமையா செஞ்சிருக்காம்ல," என்றான் ராக்லண்ட், பேசிக்கொண்டே மாலத்தீவைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அரைமணி முடிந்தது. பாக்கெட்டில் கையை விட்டான். வலது பாக்கெட், இடது பாக்கெட், பின் பாக்கெட், சட்டைப் பாக்கெட். எல்லாம் காலி. எழுந்து ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டான்.

கொர்னேலியா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தோணியை ரெண்டு தடவை பாறையில் ஏற்றினார், மூன்றாவது தடவை கொழும்புக்குக் கொண்டு சேர்த்துவிட்டுக் குழந்தை மாதிரி கை தட்டினார். மடியைத் தடவிப் பார்த்தார். சேலையை உதற அவருக்கு மனசு வரவில்லை. "இன்னொரு அரைமணி நேரம் பாக்கட்டாம்மா?" என்றார். "ரூல்ஸ் ரூல்ஸ்தான் டீச்சர்," என்றாள் டெல்பின்.

சண்முகவேல் அண்ணாச்சி கடைசியாக உட்கார்ந்தார். விளையாட்டில் சரக்கு ஏற்றுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "என்னது, வெங்காயமா ஏத்துதான்?" என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி." கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "ஒரு நிமிஷம், கல்லாவப் பாத்துட்டு வாறேன்," என்று கீழே போய் வந்தார். அரைமணி முடிந்ததும் லுங்கி மடிப்பில் கையை விட்டு, "ஆத்தாடி! வந்துட்டுல்லா!" என்று கத்திக்கொண்டு ஒரு வெங்காயத்தை எடுத்துக் காட்டினார். டீச்சர் "மாதாவே!" என்று எழுந்துவிட்டார்.

டெல்பின் வாங்கிப் பார்த்தாள். வெங்காயத்தில் ஒரு பக்கம் கத்தி பட்டிருந்தது, மேல்தோலில் சால்னா வாசம்.

"அண்ணாச்சி, இது ஒங்க கடை வெங்காயம்."

"வெங்காயத்துல என்ன தாயி எங்க கடை ஒங்க கடைன்னு?" அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்தப் பய அன்னைக்குப் படியிறங்கிப் போனத நா அடுப்பு முன்னால நின்னு பாத்தேன். மாவு பெசஞ்ச கையோட நின்னேன், நில்லுலேன்னு ஒரு வார்த்த சொல்லல. இன்னைக்காவது ஒரு வெங்காயம் குடுக்கேனே."

டெல்பினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வெங்காயத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மடி நிறைந்தது என்று எழுத எவ்வளவோ ஆசையாக இருந்தது அவளுக்கு, நெஞ்சறிய அவ்வளவு ஆசை. ஆனால் ஒரு மடி போதாது, அதுவும் பொய் மடி. வெங்காயத்தை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு கீழே போனாள். போர்டுக்கு முன்னால் நின்று 'இழுவை' என்று எழுதினாள். அதற்கப்புறம் கை ஓடவில்லை. பரோட்டா தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் சாக்பீஸைக் கைக்குள்ளேயே உடைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள்.

வேண்டாம் என்று எழுதினால் ஏன் வேண்டாம் என்று கீழே ஒரு வரி எழுதுவது அவள் வழக்கம். அதற்காக ராக்லண்டிடம், "இதுல என்னல கொற இருக்கு? உள்ளதச் சொல்லு," என்று கேட்டாள்.

ராக்லண்ட் யோசித்தான். "கொறன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்கி. பின்னால ஒரு சின்னப் படகு வருதுல்லா? அத ஒண்ணும் செய்ய முடியல. எந்தப் பட்டன அமுக்குனாலும் கேக்க மாட்டேங்கி. பாவம், கயித்தக் கட்டவே மறந்துட்டான், கயித்து நுனி தண்ணியிலதான் கெடக்கு, ஆனா படகு மட்டும் எங்க போனாலும் கூடவே வருது. சரியாப் பாக்காம விட்டுட்டான் போல."

டெல்பின் திரும்பித் திரையைப் பார்த்தாள். ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. தோணிக்குப் பின்னால், இடது பக்கம் ஒட்டினாற்போல, அந்தச் சின்னப் படகு. அதன் முகப்பிலிருந்து ஒரு கயிறு இறங்கி, தோணி வரை வராமல், தண்ணீரில் சும்மா கிடந்தது. கயிற்றின் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து அப்பாவின் சாம்பல் பெட்டியை இறக்கினாள். தூசியைத் துடைக்கவும் இல்லை. ரெண்டாவது ரிமோட்டைக் கையில் எடுத்தாள். வயரை இழுத்துப் பார்த்தால் நுனியில் பின் இல்லை, வெட்டி எடுத்த மாதிரி செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எலியின் வேலையாக இருக்கும் என்று நினைத்தாள்.

"ராக்லண்டு, உக்காரு. மொதல்லருந்து ஓட்டு."

"மூணு மடிதான் ஆச்சே, பெறவு என்னட்டி?"

"உக்காருல, சொல்லுதேன்லா."

அவன் உட்கார்ந்தான். டெல்பின் நாற்காலியில் உட்காரவில்லை. அவனுக்கு இடது பக்கம், தரையில், நாற்பத்திரண்டு வயதில் முட்டி வலிக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதனோடும் சேராத அந்த ரிமோட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோணி கிளம்பியது. அவள் இடது பட்டனை அமுக்கினாள். சின்னப் படகு இடது பக்கம் சாய்ந்தது. வலது பட்டனை அமுக்கினாள். வலது பக்கம் சாய்ந்தது. ராக்லண்டுக்கு இத்தனை நேரமும் கண்ணில் படாத ஒரு பாதை அலைகளுக்கு நடுவே திறந்தது. சின்னப் படகு எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் தண்ணீர் வெளிச்சமாயிற்று, அடியில் முத்துச்சிப்பி தெரிந்தது, கடல்பசு தெரிந்தது, ரெண்டு சின்னக் கால்கள் பதிந்த மாதிரி மணல் தெரிந்தது. தோணி அந்த வெளிச்சத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. டீச்சரும் அண்ணாச்சியும் நாற்காலிக்குப் பின்னால் நெருங்கி வந்து நின்றார்கள்.

"நான்தான் திருப்புனேன்," என்றாள் டெல்பின், அவளை அறியாமலே.

"ஆமட்டி, நீதான்," என்றான் ராக்லண்ட், அவனுக்கு ஒன்றும் தெரியாது, வாயில் வந்ததைச் சொன்னான்.

அவ்வளவுதான், அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அமுக்கினாள். அரைமணி நேரம் முடிவதற்குள் அவள் மடி ஈரமாயிற்று. குனிந்து பார்த்தாள். முழ நீளத்துக்கு ஒரு தென்னங்கயிறு, கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட, மடியில் கிடந்தது. அதன் நுனியில் ஒரு பழைய சாம்பல் நிறப் பின். பின்னின் தலையில், பாதி உதிர்ந்து, பதினொரு வயதில் அவள் வைத்த நெயில் பாலிஷ்.

ராக்லண்டும் கையை விட்டுப் பார்த்தான், அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு முத்துச்சிப்பி வந்தது. டீச்சரும் அண்ணாச்சியும் முண்டியடித்துக்கொண்டு சோடியாக உட்கார்ந்தார்கள், யார் செத்த ரிமோட்டைப் பிடிப்பது என்று சண்டை வேறு. அவர்கள் மடியும் நிறைந்தது. அண்ணாச்சிக்கு வெங்காயமே வந்தது, நாலு வெங்காயம், கத்தி படாதது. "பாத்தியா தாயி, நா முன்னாலயே சொன்னேன்லா," என்றார் வெட்கமே இல்லாமல்.

அப்போதுதான் டெல்பினின் போன் அடித்தது. பதினோரு வருஷத்தில் அவன் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"அக்கா," என்றான் இக்னி. "எம் பர்ஸுல ஒரு பின் வச்சிருந்தேன். அம்மா அடக்கத்துக்கு வந்தப்ப பரண்லருந்து வெட்டி எடுத்தது. மூணு மணி வரைக்கும் இருந்துச்சு. இப்பக் காணல."

"எங்கிட்டதான் இருக்கு," என்றாள் டெல்பின்.

கீழே அண்ணாச்சி கடையில் பரோட்டாவை அடிக்கிற சத்தம் கேட்டது.

"எப்பல தெரியும் ஒனக்கு?" என்று கேட்டாள்.

"ஆறு வயசுல. பந்து டிவிக்குப் பின்னால போயிட்டுன்னு எடுக்கப் போனேன். பின்னு சும்மா தொங்கிட்டு கெடந்துச்சு."

"பெறவு மூணு வருஷமா எதுக்குல அதப் பிடிச்சிட்டு உக்காந்திருந்த?"

"சொன்னா, எந்திரிச்சுப் போலேன்னு சொல்லிருப்பியேக்கா."

"மூதி," என்றாள். "மூதி, மூதி." அவள் திட்டுவதைக் கேட்டு அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் உடைந்தது. "அன்னைக்கு அப்படி எழுதிருக்கக் கூடாதுல நான்," என்றாள். "எழுதுனது சரிதான்க்கா. அந்த வெளயாட்டுல எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா சுட்டுட்டே இருந்தேன்," என்றான். "போர்டுல என்ன போட்டிருக்க?"

"பேர் மட்டும்தான் எழுதிருக்கேன்."

"மிச்சத்தையும் எழுது. கொடியேத்தத்துக்கு வாறேன், வந்து வாசிச்சுக்கிடுதேன்."

அவன் வந்தபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது, தெருவெல்லாம் கூட்டம், சோளப்பொரியும் பலூனுமாகக் கிடந்தது. இக்னி தலையில் கொஞ்சம் நரைத்துப்போய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படிக்கட்டுப் பக்கத்தில் நின்று போர்டைப் படித்தான்.

'இழுவை. நிறைஞ்சது. வாங்கலாம். ஆனா ரெண்டு பேரா உக்காருங்க. ரெண்டாவது ஆள் கையில ஓடாத ரிமோட்டக் குடுங்க. அவங்க பக்கத்துல ஒட்டி உக்காரட்டும்.'

மேலே டெல்பின் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருந்தாள். அப்பாவின் சாம்பல் பெட்டி, பழைய டப்பா டிவி, ரெண்டு ரிமோட். வந்தவனைக் கட்டிப்பிடிக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது, கேசட்டை எடுத்து 'ஃபூ' என்று ஊதிச் சொருகினாள். இக்னி பையை இறக்கி வைத்துவிட்டு, அவளுக்கு இடது பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தான். ரெண்டாவது ரிமோட்டை எடுத்தான். ஏதோ நினைத்துக்கொண்டவன் மாதிரி மறுபடி எழுந்து, வயரை விரலுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டே, மெதுவாக டிவிக்குப் பின்னால் வரைக்கும் போய்க் குனிந்து பார்த்தான்.

வயரோடு புதுசாகப் பற்றவைத்த அந்தப் பழைய பின், சிவப்புப் பொட்டு வெளியே தெரிய, பெட்டியில் சொருகித்தான் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். "சரி, ஆரம்பிக்கா," என்றான்.